கடைக்காரன் கழுத்துக் கயிறு

மதுக்கடைக்காரர்களுக்காகத் தொழிலாளர் பத்திரிகை வாதாடுவதா என்று நம் அன்பர்களில் சிலர் முகம் சுளிக்கக்கூடும். சுளிக்கட்டும். கள்ளும் சம்சுவும் நம் குடும்பங்களுக்குச் செய்த கேட்டை நமக்கு வேறு யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. சம்பள நாளன்று விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு லயத்து வாசலில் காத்திருந்த தாய்மார்கள் நம்முடைய தாய்மார்கள். 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, சம்பள உயர்வு, வைத்திய வசதி, பிள்ளைகளுக்குப் படிப்பு, துரைக்கு முன்னால் சைக்கிளை விட்டு இறங்காமல் போகும் உரிமை ஆகிய கோரிக்கைகளோடு கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்ற கோரிக்கையும் சேர்ந்தே நின்றது. ஆர். எச். நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள்; பட்டாளம் இறங்கியது; உயிர்கள் போயின. 1946, 1947-ஆம் ஆண்டுகளில் கெடாவிலே தொண்டர் படையினர் கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்து அடியும் சிறையும் கண்டார்கள். அந்த வழியில் வந்தவர்கள் நாம். ஆகவே குடிக்கு வக்காலத்து வாங்குகிறோம் என்று எவரும் எண்ண வேண்டாம்.

நாம் கேட்பது வேறு. அந்தக் கடை யாருடையது?

தோட்டத்துக் கள்ளுக்கடையை நினைத்துப் பாருங்கள். மேசைக்குப் பின்னால் நின்று ஊற்றிக் கொடுத்தவன் நம்மில் ஒருவன். வசவெல்லாம் அவனுக்குத்தான். ஆனால் கடைக்கு உரிமம் யார் பெயரில் இருந்தது? தோட்ட நிர்வாகத்தின் பெயரில். வேலை கொடுத்தவரும் துரை, வீடு கொடுத்தவரும் துரை, கூலியைத் திரும்ப வாங்கிக்கொண்ட கள்ளுக்கடையின் உரிமக்காரரும் துரை. அந்த லாபத்தைத் தொழிலாளரின் நன்மைக்கே செலவிட வேண்டும் என்று விதி வைத்திருந்தார்கள். திருவிழாவுக்கு இவ்வளவு, பந்து விளையாட்டுக்கு இவ்வளவு என்று கணக்கு எழுதினார்கள். நம் பையிலிருந்து போன காசு துரையின் தருமமாகத் திரும்பி வந்தது. நாமும் மாலை போட்டு நன்றி சொன்னோம்! பட்டணங்களில் அரசாங்கமே கள்ளுக்கடை நடத்தியது. அங்கேயும் வசவு வாங்கியவன் ஊற்றிக் கொடுத்தவனே.

இப்படி வேலை, வீடு, கடை மூன்றும் ஒரே கையில் சிக்கும்போது மனிதன் சுதந்திரமாக நடமாட முடியாது. இதை உணர்ந்துதான் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் சில பிரிவுகளை வைத்தார்கள். கிராணிமார்கள் படித்திருப்பார்கள், பால்வெட்டுத் தோழர்களுக்காக இங்கே சொல்லுகிறோம். சம்பளத்தை இன்ன இடத்தில், இன்ன விதமாக, இன்னாரிடத்தில்தான் செலவழிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் நிபந்தனை போட்டால் அந்த நிபந்தனை செல்லாது என்கிறது 26-ஆம் பிரிவு. மதுக்கடையிலோ சில்லறைக் கடையிலோ வைத்துச் சம்பளம் பட்டுவாடா செய்யக்கூடாது, அங்கேயே வேலை பார்க்கிறவர்களுக்கு மட்டும் விலக்கு என்கிறது 28-ஆம் பிரிவு. சம்பளத்தோடு வீடு, சாப்பாடு, விறகு கொடுக்கலாம், மதுவை மட்டும் ஊதியமாகக் கொடுக்கக்கூடாது என்று அடுத்த பிரிவு தடுக்கிறது. இங்கிலாந்தில் மதுக்கடையில் கூலி கொடுப்பதை 1883-லேயே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள். அவர்களுடைய தோட்டங்களில் இருந்த நமக்கு அந்த நியாயம் கப்பலேறி வர எத்தனை காலம் பிடித்தது என்பதைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் இந்தப் பாதுகாப்பெல்லாம் கூலிக்காரனுக்கு மட்டுமே. கடையைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறவன் கூலிக்காரன் அல்லவாம். அவன் சொந்த வியாபாரியாம். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டான், ஆகவே அவன் தலைவிதி அவன் பாடு. உண்மையில் அவன் சொந்த வியாபாரிதானா? இதைப் பார்க்க நாம் கொஞ்ச நேரம் இங்கிலாந்துக்குப் போய்வர வேண்டும். நம்மை ஆண்டவர்களின் ஊரிலேயே இந்த நாடகம் நன்றாக நடந்து முடிந்திருக்கிறது.

அங்கே பீர் காய்ச்சும் கம்பெனிகளே ஊருக்கு ஊர் மதுக்கடைக் கட்டடங்களை வாங்கி வைத்திருந்தன. ஒரு குடும்பம் வந்து கடையைக் குத்தகைக்கு எடுக்கும். மாடியில் குடியிருக்கும், கீழே வியாபாரம் செய்யும். நிபந்தனை என்னவென்றால், பீர் முழுவதையும் கட்டடத்துக்குச் சொந்தமான கம்பெனியிடமே, அது சொல்லுகிற விலைக்கே வாங்க வேண்டும். வெளியில் மலிவாகக் கிடைத்தாலும் தொடக்கூடாது. இதற்குக் கட்டுக்கடை என்று பெயர் வைத்துக்கொள்வோம். கட்டடத்துக்குக் கொடுக்கிற வாடகையை அவர்கள் காய்ந்த வாடகை என்பார்கள். பீரின் விலையில் மறைத்து வைத்து வாங்குவதை ஈர வாடகை என்பார்கள். பெயர் வேடிக்கையாக இருக்கிறது, சங்கதி வேடிக்கையானதல்ல. ஒரு பேச்சுக்குச் சொல்லுவோம்: வெளிச்சந்தையில் 100 வெள்ளிக்குக் கிடைக்கும் ஒரு பீப்பாய்க்குக் கட்டுக்கடைக்காரன் 150 கொடுக்கிறான். மாதம் 20 பீப்பாய் எடுத்தால் 1,000 வெள்ளி யாருக்கும் தெரியாமல் வாடகையாகப் போய்விடுகிறது. வாடகை குறைவுதானே என்று கம்பெனி பேப்பரில் காட்டும். அந்தக் குறைவு எங்கே ஈடாகிறது என்பது கடைக்காரன் மனைவியின் நோட்டுப் புத்தகத்தில்தான் தெரியும்.

அதோடு விட்டார்களா? திருட்டுத்தனமாக வெளியில் பீர் வாங்குகிறானா என்று கண்டுபிடிக்க, நிலவறைக் குழாயிலேயே அளவுமானி வைத்தார்கள். எத்தனை பைண்டு ஓடியது, எத்தனை பைண்டு எங்களிடம் வாங்கினாய், மீதி எங்கேயிருந்து வந்தது என்று கேள்வி. அளவுமானி தப்புக் காட்டுகிறது என்று கடைக்காரர்கள் கத்தினார்கள். நம் தோழர்களுக்கு இதைப் படித்ததும் ஸ்டோர் தராசு ஞாபகம் வராமலிருக்காது. பாலை நிறுப்பதும் அவர்கள், கெட்டிக்கணக்குப் பார்ப்பதும் அவர்கள், எழுதுவதும் அவர்கள். தராசு ஒருவன் கையில் மட்டும் இருக்கிற இடத்தில், அது ரப்பர் ஸ்டோராய் இருந்தாலென்ன, லண்டன் நிலவறையாய் இருந்தாலென்ன?

1989-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் ஏகபோகக் கமிஷன் இந்த விவகாரத்தை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தது. ஆறு பெரிய கம்பெனிகள் பீர் வியாபாரத்தையும் கடைகளையும் கையில் வைத்துக்கொண்டு போட்டியை நெரிக்கின்றன என்றது. ஒரு கம்பெனிக்கு 2,000 கடைக்கு மேல் கூடாது என்று பரிந்துரைத்தது. கம்பெனிகள் சும்மா இருக்குமா? கூச்சல் போட்டன, பணத்தை இறைத்துப் பிரசாரம் செய்தன, ஆளுங்கட்சிக்காரர்களைப் பிடித்தன. மந்திரி பின்வாங்கினார். 2,000-க்கு மேற்பட்ட கடைகளில் பாதியைக் கட்டிலிருந்து விடுவித்தால் போதும் என்று அந்த ஆண்டின் இறுதியில் உத்தரவு வந்தது. அதற்கு 1992 நவம்பர் வரை தவணை கொடுத்தார்கள். கட்டுக்கடைக்காரன் வெளியிலிருந்து ஒரு ரகப் பீப்பாய் பீராவது வாங்கி விற்கலாம் என்ற சலுகையும் கிடைத்தது.

விளைந்தது என்ன? காய்ச்சுகிற கம்பெனிகள் ஆயிரக்கணக்கான கடைகளைக் கையைவிட்டு உதறின. அவற்றை வாங்கிக் குவிக்கப் புதிய கம்பெனிகள் முளைத்தன. ஒரு சொட்டு பீர் காய்ச்சாத கம்பெனிகள் அவை. கட்டடம் அவர்களுடையது, கட்டும் அவர்களுடையது. சட்டத்திலே பீர் காய்ச்சுகிறவன் இவ்வளவு கடைதான் வைக்கலாம் என்று இருந்ததே தவிர, காய்ச்சாதவன் எவ்வளவு வைக்கலாம் என்று ஒரு வார்த்தை இல்லை! 2000-க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் எண்டர்பிரைஸ், பஞ்ச் என்ற இரண்டு கம்பெனிகளும் ஒவ்வொன்றும் எட்டாயிரத்துக்கு மேல் கடைகளை வைத்திருந்தன. 1989-ல் பழைய ஆறு பேரில் எவரிடமும் இராத எண்ணிக்கை அது. கடன் வாங்கிக் கடைகளை வாங்கியிருந்தார்கள். கடனுக்கு வட்டி கட்டக் குத்தகைக்காரனைப் பிழிந்தார்கள். அந்த 1989 உத்தரவையும் 2003-ல் ரத்து செய்துவிட்டார்கள். கங்காணி போய் கண்டிராக்டர் வந்த கதை நமக்குத் தெரியாததா? ஆளை மாற்றினார்கள்; ஒப்பந்தத்தில் எழுதியிருந்ததை மாற்றவில்லை.

குத்தகைக்காரர்கள் ஓய்ந்து போகவில்லை, அதுதான் நாம் கவனிக்க வேண்டியது. கடையை மூடிவிட்டுப் போனவர்கள் போக, மிச்சமிருந்தவர்கள் ஒன்றுகூடினார்கள். பார்லிமெண்ட் குழுக்களின் முன்னால் 2004 முதல் திரும்பத் திரும்பப் போய்ச் சாட்சி சொன்னார்கள். கம்பெனிகள், நாங்களே ஒழுங்குவிதி எழுதி நாங்களே நடந்துகொள்கிறோம் என்றன. பூனை பாலுக்குக் காவல் இருக்கிறேன் என்றதுபோல! கடைசியில் 2014 நவம்பர் 18-ஆம் தேதி, கிரெக் மல்ஹாலண்ட் என்ற உறுப்பினர் கொண்டுவந்த திருத்தம், அரசாங்கம் எதிர்த்து நின்றும் நிறைவேறியது. 2015-ல் சட்டமாயிற்று. 2016 ஜூலை 21 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மதுக்கடை ஒழுங்குவிதி அமலில் இருக்கிறது. ஸ்காட்லாந்து 2021-ல் தனியே ஒரு சட்டம் போட்டுக்கொண்டது.

இந்த முறை புத்தியோடு செய்தார்கள். காய்ச்சுகிறாயா, காய்ச்சவில்லையா என்று கேட்கவில்லை. 500 கட்டுக்கடைகளோ அதற்கு மேலோ வைத்திருக்கிறாயா என்று மட்டும் கேட்டார்கள். கட்டுக்கடைக்காரன் கட்டில்லாத கடைக்காரனைவிட மோசமான நிலையில் இருக்கக்கூடாது என்பது அடிப்படை. வாடகை திருத்தும்போதும், குத்தகை புதுப்பிக்கும்போதும், பீர் விலை அளவு மீறி ஏறும்போதும், “எனக்கு உன் பீர் வேண்டாம், சந்தை வாடகை மட்டும் கொடுக்கிறேன்” என்று சொல்லும் உரிமையைக் கொடுத்தார்கள். தகராறு வந்தால் தீர்க்கத் தனியாக ஒரு நடுவரை நியமித்தார்கள்.

நடுவர் பதவி வெறும் நாற்காலி அல்ல என்பதற்கு ஒரு சான்று. 2020 அக்டோபரில் ஹைனெக்கன் குழுவைச் சேர்ந்த ஸ்டார் என்ற கடைக் கம்பெனிக்கு 20 லட்சம் பவுன் அபராதம் விழுந்தது. கட்டிலிருந்து விலகப் போகிறேன் என்ற குத்தகைக்காரர்களிடம், விலகலாம், ஆனால் எங்கள் குழுவின் பீரையே இவ்வளவு வைத்து விற்க வேண்டும் என்று நியாயமற்ற அளவுக்கு நிபந்தனை போட்டார்களாம். வாசலைத் திறந்துவிட்டுப் படியை இடித்த கதை!

ஹைனெக்கன் என்ற பெயர் நமக்கும் அந்நியமல்ல. சுங்கைவேயில் 1960-களில் கின்னஸ் ஆலையாகத் தொடங்கி, 1989-ல் ஆங்கருடன் இணைந்து, 2016 முதல் ஹைனெக்கன் மலேசியா என்று பெயர் தாங்கி நிற்பது அந்த ஆலைதான். ஷா ஆலாமில் கார்ல்ஸ்பர்க் ஆலை இருக்கிறது. இந்நாட்டில் பீர் காய்ச்சும் பெரிய ஆலைகள் இவை இரண்டே. இரண்டும் நம் கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே இருக்கின்றன. இங்கிலாந்தில் நடந்தது இங்கேயும் நடக்கிறது என்று நாம் குற்றம் சாட்டவில்லை. இங்கே ஆலைக்காரர்கள் கடைக் கட்டடங்களைக் கூட்டமாக வாங்கி வைத்திருக்கும் வழக்கமும் இல்லை. இங்கே கயிறு வேறு விதமாக முறுக்கப்பட்டிருக்கிறது.

பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ ஒரு சிறு பீர்க்கடையை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டடம் ஒருவருடையது, சரக்கு இரண்டே ஆலைகளுடையது, உரிமம் அரசாங்கத்துடையது. கலால் சட்டத்தின்படி உரிமம் இன்னாருக்கு, இன்ன இடத்துக்கு என்று கொடுக்கப்படுகிறது; காலம் முடிந்தால் புதுப்பிக்க வேண்டும். கடையை இடம் மாற்ற நேர்ந்தால் உரிமம் கூடவே நடந்து வராது. துணிக்கடைக்காரன் வாடகை கட்டுபடியாகாவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போவான். மதுக்கடைக்காரன் எங்கே போவான்? இது வீட்டுக்காரருக்கும் தெரியும். அதனாலேயே வாடகை பேசும்போது அவர் குரல் தடித்துவிடுகிறது.

முன்பு கொஞ்சம் காப்பு இருந்தது. 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948 ஜனவரி 31-க்கு முன் கட்டிய கட்டடங்களுக்கு வாடகையை ஏற்றவும் ஆளை வெளியேற்றவும் தடை போட்டிருந்தது. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் பழைய கடைவீடுகளுக்கு அது பெரிய நிழல். 1997-ல் அதை ரத்து செய்தார்கள். இடைக்காலச் சலுகையும் 1999 முடிவோடு தீர்ந்தது. 2001-ல் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே நிலத்தில் கே.எல். சென்ட்ரல் நிலையம் திறந்தது. 2010-ல் அதே வட்டாரத்துக்கு லிட்டில் இந்தியா என்று அலங்கார வளைவும் நீரூற்றும் வந்தன. நீரூற்று அழகுதான். ரயில்வேத் தொழிலாளியின் காசை நம்பிக் கடை வைத்தவன் அந்த அழகுக்கு ஏற்ற வாடகை கொடுப்பது எப்படி என்று திறப்பு விழாவில் யாரும் பேசியதாகத் தெரியவில்லை. இன்று வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் மூன்றாண்டுக்கு உட்பட்டவை. அதற்கு மேற்பட்டால் நிலச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டியிருக்கும். மூன்றாண்டு முடிந்த மறுநாள் கடைக்காரனுக்கு எந்த உரிமையும் இல்லை.

அரசாங்கம் மதுக்கடைகளைக் கவனிக்கவில்லை என்று சொல்ல முடியாது. நன்றாகவே கவனிக்கிறது. 2017 டிசம்பர் முதல் 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கக்கூடாது என்றது. அதை நாம் வரவேற்கிறோம். கோலாலம்பூரில் மளிகைக் கடைகளிலும் சீன மருந்துக் கடைகளிலும் கடும் மது விற்கக்கூடாது, பீருக்கும் நேர வரம்பு உண்டு என்று 2020 நவம்பரில் மாநகர மன்றம் அறிவித்தது. யாருக்கு விற்பது, எப்போது விற்பது, எங்கே விற்பது எல்லாவற்றுக்கும் விதி உண்டு. கடையைக் கொடுத்தவன் எடுத்தவனை எப்படி நடத்த வேண்டும் என்பதற்கு மாத்திரம் விதி இல்லை.

இதில் தொழிலாளிக்கு என்ன வந்தது என்று கேட்கலாம். இரண்டு சங்கதிகள் உண்டு. பிழியப்படுகிறவன் தனக்குக் கீழே இருப்பவனைப் பிழிவான். கடைக்காரன் நெருக்கடியில் முதலில் குறைப்பது கிளாஸ் கழுவுகிற பெண்ணின் சம்பளத்தை. குறைந்தபட்சச் சம்பளம் 2025 முதல் 1,700 வெள்ளி என்று சட்டம் சொல்லுகிறது. சிறு கடைகளுக்கும் அந்த ஆண்டு ஆகஸ்டிலிருந்து அது பொருந்தும். ஓட்டல், மதுக்கடைத் தொழிலாளருக்கு ஒரு தேசியச் சங்கமும் இருக்கிறது. ஆனால் இரண்டு பேர் வேலை செய்கிற சின்னக் கடையில் சங்கம் எங்கே நுழையும்? அடுத்து, லாபம் அற்றுப்போன கடையின் பின்வாசலில்தான் வரி கட்டாத மலிவுச் சரக்கு வந்து நிற்கும். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மலிவு மதுவைக் குடித்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களில் பலர் பிழைக்க வந்த அயல்நாட்டுத் தொழிலாளர்கள். ஒரு காலத்தில் நம் தாத்தாமார் இருந்த நிலையில் இன்று இருப்பவர்கள். அதற்குக் கடை வாடகைதான் காரணம் என்று சொன்னால் அது பொய்யாகும். விஷச் சரக்கு நுழையக்கூடிய சந்துகளில் இதுவும் ஒன்று என்று மட்டும் சொல்லுகிறோம்.

எல்லாக் கடைகளையும் அரசாங்கமே எடுத்துக்கொண்டால் தொல்லை தீருமே என்பார் சிலர். தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறை மது விற்பனை முழுவதும் டாஸ்மாக் என்ற அரசாங்க நிறுவனத்தின் கையில் இருக்கிறது. அங்கே கடையில் நிற்கிற ஊழியர்கள் நிரந்தரமாக்கு, காலமுறைச் சம்பளம் கொடு என்று ஆண்டுக்கணக்காகப் போராடி வருகிறார்கள். முதலாளி அரசாங்கமானால் தொழிலாளி துயரம் தீர்ந்தது என்று அர்த்தமில்லை. பட்டணத்து அரசாங்கக் கள்ளுக்கடையைப் பார்த்த நமக்கு இதில் ஆச்சரியமும் இல்லை. இதைவிடக் கேரளத்துக்காரர்களை நாம் மெச்சுவோம். அங்கே 1969-லேயே கள்ளுத் தொழிலாளர் நலநிதிச் சட்டம் கொண்டுவந்து, மரம் ஏறுகிறவனுக்கும் கடையில் ஊற்றுகிறவனுக்கும் முதலாளியிடமிருந்து நிதி பிடித்தார்கள். கள்ளை வெறுப்பவர்களும் அந்தச் சட்டத்தை வெறுக்கவில்லை.

நம் நாட்டில் என்ன செய்யலாம்? உரிமம் புதுப்பிக்கும்போது அதிகாரிகள் எத்தனையோ காகிதம் கேட்கிறார்கள். எழுத்தில் உள்ள வாடகை ஒப்பந்தம் ஒன்றையும் கேட்கட்டும். அதில் வாடகை எப்போது, எந்தக் கணக்கில் ஏறும் என்பது இருக்கவேண்டும் என்று விதிக்கட்டும். உரிமம் ஒருவர் பெயரில், உழைப்பு இன்னொருவர் பெயரில் என்ற அலிபாபா வியாபாரத்தை ஒழிக்கட்டும். உழைக்கிறவன் பெயரில் உரிமம் இருந்தால் பாதிக் கயிறு தளர்ந்துவிடும். தகராறு வந்தால் வக்கீல் கட்டணம் இல்லாமல் தீர்க்க ஒரு நடுவர் வேண்டும். 2012 ஜனவரி முதல் போட்டிச் சட்டம் நடப்பில் இருக்கிறது. சரக்குக் கொடுக்கிறவன் வாங்குகிறவன் மேல் போடும் கட்டுகளையும் அந்தச் சட்டத்தின்படி கேள்வி கேட்கலாம், போட்டி ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கடைக்காரர்கள் தனித்தனியே போகாமல் சங்கமாகப் போக வேண்டும்.  1966-ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டப்படி பதிவு செய்துகொள்ளலாம்.

வேலை போனால் வீடும் போகும் என்ற நிலையில் புக்கிட் ஜாலில் தோட்டத்து மக்கள் வீட்டுக்காக ஆண்டுக்கணக்கில் போராடியதை நாம் மறக்கவில்லை. அவர்கள் கேட்டதும் இதுதான்: பிழைப்பையும் கூரையையும் ஒரே காகிதத்தில் ஒரே ஆள் கிழிக்க முடியுமா? மாடியில் குடியிருந்து கீழே கடை நடத்துகிற குடும்பமும் அதையே கேட்கிறது.

தோட்டங்கள் துண்டாடப்பட்ட பிறகு நம் பிள்ளைகள் எத்தனையோ தொழிலுக்குப் போய்விட்டார்கள். நஷ்டஈட்டுப் பணத்தைப் போட்டுச் சின்னதாக ஒரு சாப்பாட்டுக் கடை, அதிலேயே பீர் உரிமம் என்று தொடங்கியவர்களும் அவர்களில் உண்டு. ஆங்கிலத்தில் பத்துப் பக்கம் ஒப்பந்தம் வரும். படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பெட்டியில் வைத்துவிடுவார்கள். இங்கேதான் கிராணிமார்களின் உதவி வேண்டியிருக்கிறது. முதலில் முத்திரை வரி கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கட்டாத பத்திரத்தை அப்படியே கோர்ட்டில் சாட்சியமாக வைக்க முடியாது. அடுத்து, சரக்கை இன்னாரிடம்தான் வாங்க வேண்டும் என்று எங்காவது ஒரு வரி ஒளிந்திருக்கிறதா, முன்பணத்தைத் திருப்பித் தரும் நாள் எழுதியிருக்கிறதா, காலி செய்யச் சொல்ல எத்தனை மாத நோட்டீஸ் என்று பார்த்துத் தமிழில் எடுத்துச் சொல்லுங்கள். அப்படிப்பட்டவர் உங்கள் வட்டாரத்தில் இருந்தால், அடுத்த கிளைக் கூட்டத்துக்கு அந்தப் பத்திரத்தையும் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். எல்லோருமாக உட்கார்ந்து வாசித்துப் பார்ப்போம்.